மலையோரத்து மோரும் ஆய்வுக்கூடத்துச் சல்லடையும்

(பாலக்காட்டில் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நுண்ணுயிரியல் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தபோது, அவையில் பாதிப் பேர் ஊராட்சி, கால்நடை, பழங்குடியினர் நலம் ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள் என்று சொன்னார்கள். ஆகவே நுண்ணோக்கியிலிருந்து தொடங்காமல் மோர்ப்பானையிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே உள்ள ஒரு சிற்றூருக்குத் தயிர் மாதிரி சேகரிக்கப் போயிருந்தேன். அங்கே ஒரு வீட்டில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தம் வீட்டு உறைமோர் மாமியார் காலத்திலிருந்து வருவது என்றார். எப்போதாவது கெட்டுப்போனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார்களாம். அந்த வீட்டு உறையும் முன்பு இவர்கள் கொடுத்ததுதான். நான் ஒரு சிறு குழாயில் தயிரை எடுத்து மூடி, எண் எழுதிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார், "இதைக் கொண்டுபோய் என்ன செய்வீங்க, தம்பி? எங்களுக்கு என்ன கொண்டுவருவீங்க?" என்று கேட்டார். முதற் கேள்விக்கு அரைமணி நேரம் விடை சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்று நான் பேசப்போவது அந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான்.

எல்லைப்புறத்தின் இயல்பு

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் இரண்டுமே தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், அட்டப்பாடி ஒருபுறம். மறையூர், காந்தலூர், வட்டவடை, போடிமெட்டு, குமுளி மறுபுறம். இடையே ஆனைமலைத் தொடர். பாலக்காட்டுக் கணவாயில் கோடையில் வெப்பம் 40 பாகையை எட்டுவதுண்டு. வட்டவடையோ 1,500 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், குளிர்கால இரவில் கம்பளி கேட்கும் ஊர். மறையூரும் சின்னாறும், அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியும் மழை மறைவு நிலங்கள்.

ஒரு நுண்ணுயிரியலாளனுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. வீட்டுத் தயிர் அந்தந்த ஊரின் வெப்பநிலையிலேயே உறைகிறது. வெப்பம் மிகுந்த இடத்தில் வெப்பத்தை விரும்பும் பாக்டீரியாக்கள் மேலோங்கும். குளிர்ந்த இடத்தில் லாக்டோகாக்கஸ், லியூகோனாஸ்டாக் போன்றவை மெதுவாக வேலை செய்யும். ஒரே உறைமோரை எடுத்துச் சென்று கொழிஞ்சாம்பாறையிலும் வட்டவடையிலும் ஓராண்டு தொடர்ந்து உறைய விட்டால், ஆண்டிறுதியில் இரு பானைகளிலும் ஒரே கூட்டம் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

தயிர் மட்டுமன்று. எலப்புள்ளியை அடுத்த ராமசேரியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படும் முதலியார் குடும்பங்கள் மண்பானையின் மேல் துணி விரித்து வேகவைக்கும் இட்டிலி கேரளம் முழுவதும் பெயர் பெற்றது. சித்தூர்ப் பகுதியின் தென்னங்கள்ளிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. உப்புநீரில் ஊறும் மாங்காய், இரவு நீரூற்றி வைத்த பழஞ்சோறு என்று பட்டியல் நீளும். மலையாளம் பேசும் வீட்டிலும் தமிழ் பேசும் வீட்டிலும், இருளர், முதுகர், குறும்பர், முதுவர் ஆகிய பழங்குடியினரின் ஊர்களிலும் புளிக்கவைக்கும் முறைகள் ஒன்றுபோல் இல்லை.

மாடும் மாறிவிட்டது. 1961-ஆம் ஆண்டின் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம், அங்கீகாரம் பெறாத நாட்டுக் காளைகளைக் காயடிக்க வழிவகுத்தது. 1963-இல் மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கி, பிரௌன் சுவிஸ் காளைகளைக் கொண்டு கலப்பினம் உருவாக்கப்பட்டது. 'சுனந்தினி' அந்த முயற்சியின் பயன். பால் உற்பத்தி பெருகியது. அதைக் குறைகூற எனக்கு மனம் இல்லை. ஆனால் குட்டை நாட்டு மாடுகள் அருகின. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சோசம்மா ஐப் அவர்களும் மாணவர்களும் 1989-இல் தேடிப் புறப்பட்டிராவிட்டால் வெச்சூர் மாடு இன்று படத்தில்தான் இருந்திருக்கும். மலைநாட்டுக் குட்டை மாடுகளும் அத்தகைய நிலையில் உள்ளவையே. மாடு குறைந்தால் கணக்கெடுப்பில் தெரியும். பாக்கெட் தயிர் வந்த வீட்டில் பல தலைமுறைகள் தொடர்ந்த உறைமோர் அறுந்துபோவது எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

நன்மை செய்யும் நுண்ணுயிர் என்ற கருத்து

பால் புளிப்பது உயிருள்ள பொருளின் செயல் என்பதை லூயி பாஸ்டர் 1857-இல் நிறுவினார். ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மாணவர் தம் நாட்டுத் தயிரிலுள்ள பாக்டீரியாவை 1905-இல் விவரித்தார். தயிருண்ணும் மக்கள் நெடுநாள் வாழ்வதற்கு இத்தகைய நுண்ணுயிர்கள் காரணமாகலாம் என்று இலியா மெச்னிகாவ் 1907-இல் எழுதினார். மறு ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு தயிருக்காகக் கிடைத்ததன்று, நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக. இந்தக் குழப்பம் விளம்பரங்களில் இன்றும் தொடர்கிறது. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் தேர்ந்தெடுத்த ரகம் 1935 முதல் பானமாக விற்பனைக்கு வந்தது. அதே ரகம் இன்று நம் நகரங்களிலும் விற்கப்படுகிறது. தயிர் தரும் பாக்டீரியா ஒன்றை 2012-இல் ஐதராபாத்தில் நடந்த பல்லுயிர் மாநாட்டின்போது இந்தியாவின் தேசிய நுண்ணுயிராகவும் அறிவித்தார்கள்.

உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் 'புரோபயாட்டிக்' என்ற சொல்லுக்கு வரையறை தந்தது. போதிய அளவில் உட்கொள்ளும்போது உட்கொள்பவருக்கு நலன் தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பது அதன் பொருள். மூன்று நிபந்தனைகள் இதில் அடங்கியுள்ளன: உயிரோடு இருக்க வேண்டும், போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், நலன் மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் ராமசேரி இட்டிலி தேறாது. மாவைப் பொங்கச் செய்வது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா என்று 1965-லேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் ஆவியில் வெந்த இட்டிலியில் அது உயிரோடு இருப்பதில்லை. இட்டிலி நல்ல உணவு, எளிதில் செரிக்கும். அதற்காக அதைப் புரோபயாட்டிக் என்று அழைப்பது தவறு. இதைப் பாலக்காட்டிலேயே சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருந்தது.

சல்லடையின் துளைகள்

இனி அம்மையாரின் முதற் கேள்வி: கொண்டுபோய் என்ன செய்கிறோம்?

ஒரு துளி தயிரில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கலந்து கிடக்கின்றன. அதைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், டி மான், ரோகோசா, ஷார்ப் ஆகிய மூவர் 1960-இல் வகுத்த ஊடகத்தைப் பரப்பிய தட்டில் ஊற்றுகிறோம். ஊடகத்தில் சுண்ணாம்புக் கார்பனேட்டைக் கலந்திருந்தால், அமிலம் சுரக்கும் பாக்டீரியாவைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். வளையம் உள்ளவற்றைத் தனித்தனியே எடுத்துத் தூய்மைப்படுத்தி, மரபணு வரிசையைக் கொண்டு இனத்தை அறிகிறோம். 2020-இல் லாக்டோபேசில்லஸ் என்ற பேரினத்தின் 260-க்கும் மேற்பட்ட இனங்கள் 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், பழைய நூல்களில் படித்த பெயர்களை மாணவர்கள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இனத்தை அறிந்தால் மட்டும் போதாது. நெல் என்பது இனம். பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம் 1974-இல் தந்த 'ஜோதி' என்பது ரகம். ஜோதியின் இயல்பு எல்லா நெல்லுக்கும் பொருந்தாது என்பதை இங்குள்ள உழவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாக்டீரியாவிலும் அவ்வாறே. ஒரு ரகத்துக்கு மெய்ப்பிக்கப்பட்ட பயனை அதே இனத்தின் வேறொரு ரகத்துக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. கடையில் விற்கும் பொட்டலத்தில் இனத்தின் பெயர் மட்டும் இருந்து ரகத்தின் குறியீடு இல்லையென்றால், வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

தனித்தெடுத்த ரகங்களை அடுத்துச் சோதனைகளுக்கு உட்படுத்துகிறோம். இரைப்பையின் கடும் அமிலத்தைப் போன்ற கரைசலில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கிறோம். பலவும் இங்கேயே மடிகின்றன. பிழைத்தவற்றை 0.3 விழுக்காடு பித்தஉப்புக் கரைசலில் வளர்க்கிறோம். குடற்சுவரில் ஒட்டும் திறன் உண்டா, நோய்க் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று பார்க்கிறோம்.

இவற்றையெல்லாம் கடந்த பின்னும் பாதுகாப்புச் சோதனை எஞ்சி நிற்கிறது. என் கருத்தில் இதுவே முதலில் நடக்க வேண்டியது. இரத்த அணுக்களைச் சிதைக்கும் ரகம் உடனே தள்ளப்பட வேண்டும். நோய்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் திறன் இருந்தால், அத்திறன் வேறு கிருமிகளுக்குத் தாவக்கூடியதா என்று ஆராய வேண்டும். லியூகோனாஸ்டாக் வான்கோமைசினை எதிர்ப்பது அதன் செல்சுவரின் இயல்பு. அது பிறவற்றுக்குத் தாவுவதில்லை. ஆனால் புளித்த உணவுகளில் அடிக்கடி கிடைக்கும் என்டெரோகாக்கஸ் இனங்கள் சிலவற்றில் அதே எதிர்ப்பு தாவக்கூடிய மரபணுவில் உள்ளது. இரண்டும் சோதனைத் தட்டில் ஒன்றுபோலவே தோன்றும். தட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டுபவர் நல்லதைத் தள்ளிவிடுவார், அல்லது தீயதை ஏற்றுக்கொள்வார்.

நூறு ரகங்களை எடுத்தால் கடைசியில் இரண்டோ மூன்றோ மிஞ்சினால் மகிழ்ச்சி. ஒன்றும் மிஞ்சாத ஆண்டும் உண்டு. தள்ளப்பட்டவற்றின் விவரங்களையும் ஒழுங்காக எழுதிவைக்குமாறு மாணவர்களிடம் சொல்வேன், பலர் எழுதுவதில்லை.

கொழுப்பு அமிலம் ஒன்றின் கதை

நம் உணவில் உள்ள லினோலெயிக் அமிலம் பதினெட்டுக் கார்பன் அணுக்களைக் கொண்ட சங்கிலி. அதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஒன்று ஒன்பதாம் இடத்தில், மற்றொன்று பன்னிரண்டாம் இடத்தில். இந்த இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கி, ஒன்பதும் பதினொன்றும், அல்லது பத்தும் பன்னிரண்டும் என்று அமைந்துவிட்டால் அதை இணைவுற்ற லினோலெயிக் அமிலம், சுருக்கமாக சி.எல்.ஏ., என்கிறோம். அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் இம்மாற்றத்தைச் செய்கின்றன. அதனால்தான் பாலிலும் வெண்ணெயிலும் இறைச்சியிலும் அது காணப்படுகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரிசா 1979-இல் சுட்ட மாட்டிறைச்சியில் புற்றுநோய் ஊக்கிகளைத் தேடினார். தேடியதோடு, அவற்றுக்கு எதிராக வேலை செய்யும் ஒரு பொருளும் இருப்பதைக் கண்டார். அது சி.எல்.ஏ. என்பது 1987-இல் தெளிவாயிற்று. அடுத்து, எலிகளின் உடற்கொழுப்பை அது குறைப்பதாகவும் அறிக்கைகள் வந்தன. லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில ரகங்களும் இந்த மாற்றத்தைச் செய்யும் என்று தெரிந்ததும், உலகெங்கும் தயிரிலும் ஊறுகாயிலும் தேடல் தொடங்கிற்று.

இந்தத் தேடலின் முறை எளிமையானது. லினோலெயிக் அமிலம் கலந்த ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்து, கொழுப்பைப் பிரித்தெடுத்து, 233 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிறோம். நெருங்கிய இரட்டைப் பிணைப்புகள் அந்த ஒளியை உறிஞ்சும். ஒரே நாளில் பல ரகங்களைச் சோதித்துவிடலாம். ஆனால் அதே ஒளியை உறிஞ்சும் வேறு பொருள்களும் உண்டு. ஆகவே வாயு நிறப்பகுப்பு முறையால் உறுதிசெய்யாத எண்களை நம்புவதற்கில்லை.

பாக்டீரியா இதை ஏன் செய்கிறது என்பதும் அறிய வேண்டியதே. லினோலெயிக் அமிலம் அதற்கு நஞ்சு. அந்த நஞ்சின் வீரியத்தைக் குறைக்கவே அதை மாற்றுகிறது. ஒரே நொதி இதை ஒரே அடியில் செய்வதில்லை. பல நொதிகள் படிப்படியாகச் செய்கின்றன என்றும், முதற்படியில் நீர் மூலக்கூறு சேர்ந்த வேறொரு கொழுப்பு அமிலம் பிறக்கிறது என்றும் கியோட்டோ பல்கலைக்கழகக் குழுவினர் 2013-இல் விளக்கினார்கள். அந்த இடைநிலைப் பொருளே குடலின் உட்சுவரைக் காக்கக்கூடும் என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. அதே குழுவினர் ஆமணக்கெண்ணெயிலிருந்தும் பாக்டீரியாவைக் கொண்டு சி.எல்.ஏ. தயாரிக்க முடியும் என்று காட்டியுள்ளார்கள். உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு நம்முடையது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இனி நம் எல்லைப்புறத்துக்கு வருவோம். நுண்ணுயிர் எவ்வளவு திறமையானதாயினும் மூலப்பொருள் இல்லாமல் வேலை செய்யாது. நல்லெண்ணெயில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு லினோலெயிக் அமிலம் உள்ளது. தேங்காய் எண்ணெயில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. கணவாய்க்குக் கிழக்கே நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும், மேற்கே தேங்காய் எண்ணெயும் சமையலில் ஓங்கி நிற்கும் பகுதி இது. ஒரே பாக்டீரியாவைக் கோயம்புத்தூர்ப் பக்கத்தவரும் பாலக்காட்டு உட்பகுதியினரும் உட்கொண்டால், இருவர் குடலிலும் கொழுப்பு அமில உற்பத்தி ஒன்றாக இருக்குமா? இதை ஓர் ஆய்வுத் தலைப்பாக எந்த மாணவரும் எடுத்துக்கொள்ளலாம். பிற நாடுகளில் இவ்வளவு குறுகிய தொலைவில் இத்தகைய வேறுபாடு எளிதில் கிடைக்காது.

ஆனால் சி.எல்.ஏ.வைப் பற்றி ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பால் கொழுப்பில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். நான்கு விழுக்காடு கொழுப்புள்ள தயிர் ஒரு கிண்ணம், அதாவது 200 மில்லி லிட்டரில், 8 கிராம் கொழுப்பு. 40 மில்லிகிராம் சி.எல்.ஏ. மனிதரிடம் நடத்தப்பட்ட சோதனைகளில் நாளொன்றுக்குக் கொடுக்கப்பட்டதோ 3 கிராம் அளவில். அதைத் தயிரிலிருந்து பெற நாளுக்கு 75 கிண்ணம் உண்ண வேண்டும். பசும்புல் மேயும் மாட்டின் பாலில் இந்த அமிலம் சில மடங்கு கூடுதல் என்பது உண்மை. அப்படியும் பதினைந்து இருபது கிண்ணத்துக்குக் குறையாது. அந்த 3 கிராமைக் கொடுத்தும் மனிதரில் குறைந்த கொழுப்பு வாரத்துக்கு 100 கிராமுக்கும் குறைவு என்று 2007-இல் பல சோதனைகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். பத்தும் பன்னிரண்டுமாக அமைந்த வடிவத்தைத் தனியே கொடுத்தபோது இன்சுலின் செயல் குறைந்ததாகவும் அறிக்கை உண்டு. எலிக்கு நிகழ்ந்தது மனிதருக்கும் அதே அளவில் நிகழவில்லை. பாக்டீரியா குடலுக்குள்ளேயே சிறுகச் சிறுகத் தயாரித்துத் தந்தால் பயன் வேறாக இருக்குமா என்பதே இப்போது ஆராய்ச்சியாளரை ஈர்க்கும் வினா.

நம்பிக்கையும் எச்சரிக்கையும்

சல்லடை வழியே வந்த ஒரு ரகம் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உள்ளது. ஒடிசாவின் 149 ஊர்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் இனத்தின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்த நச்சேற்றமும் இறப்பும் சேர்ந்த விகிதம் நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. குறைந்த செலவில் கிடைத்த பெரிய பலன் இது.

இதைக் கேட்டதும் நம் மனம் அட்டப்பாடிக்குச் செல்வது இயல்பு. 2013-இல் அங்கே பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. "ஒடிசாவில் பயன்பட்ட மருந்தை இங்கே ஏன் கொடுக்கக் கூடாது?" என்று ஒரு பயிற்சி வகுப்பில் இளம் அலுவலர் ஒருவர் என்னைக் கேட்டார். ஒடிசாச் சோதனையில் சேர்க்கப்பட்டவை 2 கிலோகிராமுக்குக் குறையாத எடையோடும், 35 வாரங்களுக்குக் குறையாமலும் பிறந்து, தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிய குழந்தைகள். அட்டப்பாடியின் துயரத்தில் முன்நின்றவை தாய்மாரின் ஊட்டக்குறைவும் இரத்தசோகையும் குழந்தைகளின் குறைந்த பிறப்பெடையும். அங்கே முதல் தேவை கருவுற்ற பெண்ணின் தட்டில் ராகியும் சாமையும் துவரையும் அவரையும். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் பெற்ற அந்தப் பயறு விளைந்த ஊரிலேயே உண்ணவும் படவேண்டும். நுண்ணுயிர் அதற்குப் பின்னால் வருவது.

நலிந்தவர்களுக்கு உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுப்பதில் ஆபத்தும் உண்டு. நெதர்லாந்தில் கணைய அழற்சி முற்றிய நோயாளிகளிடம் நடந்த சோதனை 2008-இல் வெளியானபோது, புரோபயாட்டிக் பெற்றவர்களில் நூற்றுக்கு 16 பேரும், பெறாதவர்களில் 6 பேரும் இறந்திருந்தார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒரு நாள் அளவில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்கிறது. விதி இருக்கிறது. பாலக்காட்டு வெயிலில் ஒரு பெட்டிக்கடையில் மூன்று வாரம் கிடந்த பொட்டலத்தில் அந்த எண்ணிக்கை இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர் என்பதை அலுவலர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி

எங்களுக்கு என்ன கொண்டுவருவீர்கள் என்பது அம்மையாரின் அடுத்த கேள்வி. கேரளத்தில் இதற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. அகத்தியர் மலையில் 1987-இல் காணி மக்கள் 'ஆரோக்கியப்பச்சை' என்னும் செடியின் சோர்வு நீக்கும் பண்பைப் புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர்களுக்குக் காட்டினார்கள். பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தந்தது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதற்கென 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. காணிகள் அனைவரையும் கலந்து பேசவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. அக்குறை நியாயமானதே. ஆயினும் வேறெங்கும் இல்லாத ஒரு தொடக்கம் அது.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் 'உயிரியல் வளம்' என்பதில் தாவரம், விலங்கு ஆகியவற்றோடு நுண்ணுயிரையும் சேர்த்திருக்கிறது. காப்புரிமை கேட்பவர் உயிர்ப்பொருள் கிடைத்த இடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று காப்புரிமைச் சட்டமும் கூறுகிறது. ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஆகியவை இருக்க வேண்டும். நான் பார்த்த பதிவேடுகளில் மரமும் மூலிகையும் மாடும் மீனும் இருந்தன; உறைமோர் ஒன்றில்கூட இல்லை. எந்த ஊரில், எந்த வகை வீட்டில், எந்த மாட்டுப் பாலில், எத்தனை ஆண்டுகளாக இந்த உறை வருகிறது என்று நான்கு வரி எழுத ஊராட்சிச் செயலருக்குக் கால்மணி நேரம் போதும். பின்னாளில் அந்த உறையிலிருந்து ஒரு ரகம் சந்தைக்கு வந்தால், பங்கு கேட்க அந்த நான்கு வரிதான் சான்று.

எடுத்த ரகங்களைப் பேணுவதிலும் கவனம் வேண்டும். சண்டீகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகம் 2002 முதல் உலக அங்கீகாரம் பெற்றது. அங்கே வைத்தால் அழியாது. நான் முன்பு பணிபுரிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் அப்படி வைக்கவில்லை. ஒரு நீண்ட விடுமுறையில் உறைபெட்டி நின்றுபோய், ஓராண்டுச் சேகரிப்பு முழுவதும் கெட்டது. மறையூர் மலையில் எடுத்த குழாயும் அதில் இருந்தது. மீண்டும் எடுத்துவரலாம் என்று அந்த வீட்டுக்குப் போனேன். மாட்டை விற்றிருந்தார்கள். "இப்போ பாக்கெட் பால்தான், தம்பி, உறையும் கடைத் தயிர்தான்" என்றார் அம்மையார். பக்கத்து வீட்டிலும் கேட்டுப் பார்த்தோம், அங்கும் அறுந்திருந்தது.

ஆகவே அடுத்த மாதம் மாணவர்கள் மாதிரி சேகரிக்கக் கிளம்பும்போது, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குழாய் எடுக்க வேண்டும். ஒன்று நமக்கு, மற்றொன்று சேமிப்பகத்துக்கு. முதலில் ஊராட்சியின் பல்லுயிர்க் குழுவுக்குக் கடிதம் கொடுங்கள். வீட்டாரின் இசைவை அவர்கள் மொழியிலேயே எழுதிப் படித்துக்காட்டிக் கையொப்பம் பெறுங்கள். ஊர், உயரம், மாட்டின் வகை, தீவனம், சமையல் எண்ணெய் ஆகியவற்றைக் குறியுங்கள். சோதனை முடிந்ததும், ரகம் தேறினாலும் தேறாவிட்டாலும், முடிவை அந்த வீட்டுக்கு ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.

பக்கத்து அறையில் இரண்டு நுண்ணோக்கிகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் கொழிஞ்சாம்பாறைத் தயிர். மற்றொன்றில் வட்டவடைத் தயிர். வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கேள்விகளை அதன் பிறகு எடுத்துக்கொள்வோம்.